தலைதீபாவளிக் குறுநாவல்கள்

தலைதீபாவளிக் குறுநாவல்கள் என்பவை, திருமணமான பெண்ணின் முதல் தீபாவளியைக் களமாகக் கொண்டு எழுதப்படும் குடும்பக் காதல் கதைகள். தீபாவளி மலர்களிலும் மாத நாவல் இதழ்களிலும், அண்மைக் காலமாக இணையத்திலும் இவை வெளிவருகின்றன. ஒரே மதியத்தில் படித்து முடித்துவிடலாம் என்பதால் இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது வழக்கம். புதுமணத் தம்பதியரின் உறவில் பணம் எப்படித் தலையிடுகிறது என்பதைத் தமிழ் வெகுஜன எழுத்தில் விடாமல் பேசிவருபவை இக்கதைகளே. அந்தப் பேச்சை எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவது இவற்றின் பெருங்குறை.

பின்னணி

ஆனந்த விகடன், கலைமகள், கல்கி, அமுதசுரபி ஆகிய இதழ்களின் தீபாவளி மலர்கள் பண்டிகைக் கால வாசிப்பை ஒரு பழக்கமாக்கின. 1969-இல் தொடங்கிய ராணி முத்து, குமுதம் குழுமத்தின் மாலைமதி போன்ற மாத இதழ்கள் முழுக்கதையையும் ஒரே இதழில் குறைந்த விலைக்குத் தந்தன. குடும்பக் கதையில் லக்ஷ்மியும் (திரிபுரசுந்தரி, 1921–1987), திருமணத்துக்குப் பின் மலரும் காதலில் ரமணிசந்திரனும் பெண் வாசகர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்றவர்கள். 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்கள் வந்தபின், முன்பு வாசகர்களாக மட்டும் இருந்த பெண்கள் பலரும் இவ்வகைக் கதைகளை எழுதுகின்றனர்.

மலர்கள் தீபாவளியை ஒட்டிப் பருத்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் போனஸ் கைக்கு வருவது அப்போதுதான். சட்டப்படி அதன் குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அந்தப் பணத்தை எதிர்பார்த்தே ஜவுளி, நகைக்கடை விளம்பரங்கள் மலர்களை நிறைத்தன. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வழியில்லாமல் தவிக்கும் தகப்பனின் கதை ஒரு பக்கத்திலும் மோதிர விளம்பரம் அடுத்த பக்கத்திலும் வருவது இந்த வடிவத்தோடு கூடப்பிறந்த முரண்.

கதையமைப்பு

ஆங்கிலக் கிறிஸ்துமஸ் காதல் கதைகளில் பொதுவாக முன்பின் அறியாத இருவர் பனிக்காலத்தில் சந்திப்பார்கள். திருமணப் பேச்சோடு கதை முடியும். தமிழில் தாலி கட்டிய பிறகே கதை தொடங்குகிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம், ஒருவரை ஒருவர் அறியாத கணவன் மனைவி, அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கல். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. சீரில் ஏதோ குறைகிறது, அல்லது குறையும் என்று மாமியார் சொல்கிறார். விடியற்காலை எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் முடிவதற்குள் கணவன் மனம் மாறுகிறான்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. தலைதீபாவளி பெண்ணின் பிறந்த வீட்டில் நடப்பது. புகுந்த வீட்டில் வாய் திறக்காதவள், தன் தாயின் அடுப்படியில் நின்று பேசுகிறாள். கணவன் அங்கே விருந்தாளி. தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்றுகூட அவன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணுக்கு இடபலம் கிடைக்கும் அந்த ஒரு நாளைக் கதைக்களமாகத் தேர்ந்தது இவ்வெழுத்தாளர்களின் வெற்றி. வாசகிகள் இக்கதைகளை விரும்புவதற்கு இது முக்கியக் காரணம்.

முடிவுகளின் சிக்கல்

சிக்கல் முடிவில் இருக்கிறது. பண்டிகைக் கதைகளுக்கு உலகளவில் முன்மாதிரியாக அமைந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' (1843 டிசம்பர் 19) குறுநாவலிலும் ஒரே இரவில் ஒரு கருமியின் மனம் மாறுகிறது. டிக்கன்ஸ் அதோடு நிற்கவில்லை. பண்டிகைக்கு மறுநாள் அந்தக் கருமி தன் குமாஸ்தாவின் சம்பளத்தை உயர்த்துகிறான். மனமாற்றம் கணக்கேட்டில் பதிவாகிறது.

தலைதீபாவளிக் கதைகள் பலவற்றில் அந்த மறுநாள் வருவதில்லை. மாமியார் கண் கலங்குகிறார், கணவன் சீரை மறுத்துவிடுகிறான், மத்தாப்பு வெளிச்சத்தில் கதை முடிகிறது. தகப்பன் ஏற்கெனவே வட்டிக்கு வாங்கிய கடன் என்ன ஆயிற்று? அடுத்து வரும் பொங்கல் வரிசைக்கும் ஆடிச் சீருக்கும் வளைகாப்புக்கும் என்ன ஏற்பாடு? பதில் இல்லை. திருமணத்துக்குப் பின் அதன் தொடர்பாகக் கேட்டு வாங்குவதும் 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்குள் வரும். கதைகளோ அதைச் சட்டப் பிரச்சினையாகவோ உரிமைப் பிரச்சினையாகவோ பார்க்காமல், நல்ல கணவன் அமைந்த அதிர்ஷ்டமாகக் காட்டுகின்றன. அந்த அதிர்ஷ்டம் வாய்க்காத வாசகிக்கு இக்கதைகளில் சொல்ல ஒன்றும் இல்லை.

விடுபட்ட பண்டிகை

கதைகளில் வரும் தீபாவளி பெரும்பாலும் நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் தீபாவளி: கங்கா ஸ்நானம், லேகியம், எழும்பூரிலிருந்து இரவு ரயில். கிராமத்து வாசகர்களின் தீபாவளி வேறு. புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களில் ஒன்றான நெட்டப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வயல்சூழ்ந்த இக்கிராமங்கள் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஊர்களோடு எல்லை தாண்டி நடந்தன. இங்கே தலைதீபாவளிப் பயணம் பெரும்பாலும் ஒரு டவுன் பஸ் தூரம். வரிசைத் தட்டில் என்ன வந்தது, என்ன குறைந்தது என்பது பொழுது சாய்வதற்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். நகரத்துக் கதையில் நான்கு சுவருக்குள் அடங்கும் அவமானம் இங்கே தெருவுக்கு வந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் வயல் வேலையும் கூலியும் நின்றுபோகும் நேரம் அது. போனஸ் என்பது விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இல்லாத ஒன்று.

இப்பகுதியில் பல குடும்பங்களுக்குத் தீபாவளி என்பது கேதார கௌரி நோன்பும்தான். அதிரசம் சுட்டு, கலசம் வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கௌரி 21 நாள் நோன்பிருந்து சிவனின் உடலில் சரிபாதியைப் பெற்றாள் என்பது இந்நோன்பின் கதை. மனைவி பாதிப் பங்கு கேட்டுப் பெறும் கதை பண்டிகைக்குள்ளேயே இருக்கிறது. கணவனின் கருணையில் முடியும் குறுநாவல்களுக்கு இதைவிட நல்ல மாற்று கிடைக்காது. இருந்தும் இவ்வகைக் கதைகளில் நோன்பு அரிதாகவே இடம்பெறுகிறது.

மதிப்பீடு

இக்கதைகளைப் படிக்கும் பெண்களை ஏளனம் செய்வது விமர்சனம் ஆகாது. வாரம் முழுக்க முறுக்கும் அதிரசமும் சுட்டு, விருந்து முடித்துப் பாத்திரம் கழுவி வைத்தபின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் படிக்கப்படுபவை இவை. அந்த நேரத்தில் ஆறுதலான முடிவை நாடுவது இயல்பு. அதைத் தரும்போதே உண்மையும் சொல்ல முடியும் என்பதற்கு டிக்கன்ஸ் சான்று.

மாணவர்கள் ஒரு தலைதீபாவளிக் கதையை ஆராயும்போது நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளலாம். சீருக்கான பணம் எங்கிருந்து வந்தது, பலகாரத்தை யார் சுட்டார்கள், மனம் மாறியவர் அதன்பின் என்ன செய்தார், பெண் எதையாவது வாய்விட்டுக் கேட்டாளா என்பவை அவை. நான்குக்கும் விடை தரும் கதை, மலரில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும், இலக்கியமாகப் பேசத் தக்கது.