தந்தை எங்கே சாப்பிட்டார்?

பாடப் புத்தகத்தில் இடம் கிடைத்துவிட்டால் எழுத்தாளன் கரையேறிவிட்டான் என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் அது இருந்தது. என் கதை ஒன்றை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைப்பாட நூலில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்டுக் கடிதம் வந்தபோது, மறு தபாலிலேயே சம்மதம் எழுதிவிட்டேன். சன்மானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. எந்தப் பிரசுரம், எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் காரியம் ஒரு பிரசுரத்தோடு நிற்கிற காரியம் அல்ல.

கதை சின்னக் கதை. மழை பொய்த்த வருஷம். நேரம் கழித்து அப்பா வீடு திரும்புகிறார். குழந்தைகள் இன்னும் சாப்பிடவில்லை. அம்மா உலையை வைத்துவிட்டு அரிசிப் பானைக்குள் படியை விடுகிறாள். படி பானையின் அடியில் உரசுகிறது. முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருக்கும் அப்பாவின் காதில் அந்தச் சத்தம் விழுகிறது. உள்ளே வந்து, "எனக்கு வேண்டாம். ஓட்டலிலே சாப்பிட்டாச்சு" என்கிறார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

துணைப்பாட நூலில் இடம் போதவில்லை என்று சொம்புத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். போகட்டும். படி உரசுவதை விட்டுவைத்திருந்தார்கள். கதையின் உயிர் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது, அது இருந்தால் போதும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். கதைக்கு அடியில் பயிற்சி வினாக்கள். அவற்றில் மூன்றாவது: "தந்தை எங்கே சாப்பிட்டார்?"

என் தங்கையின் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு அந்தப் புத்தகம் பாடமாக வந்தது. தாத்தா எழுதிய கதை புத்தகத்தில் வந்திருக்கிறது என்ற பெருமையோடு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாவது வினாவுக்கு அவள் எழுதியிருந்த விடை: "தந்தை ஓட்டலில் சாப்பிட்டார்." பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டு, இரண்டுக்கு இரண்டு மார்க்கும் போட்டிருந்தது.

அந்த அப்பா சொன்ன பொய்யை அவர் மனைவி நம்பவில்லை. குழந்தைகளில் மூத்தவனும் நம்பவில்லை. பாடப் புத்தகம் நம்பிவிட்டது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, கதையை நான்தான் தெளிவில்லாமல் எழுதிவிட்டேனோ என்ற சந்தேகம். எழுத்தாளனுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் கூடவே இருக்கும். ஆகவே குழந்தையிடமே விசாரித்தேன்.

"அம்மா பானைக்குள்ளே படியை விட்டான்னு இருக்கே, படின்னா என்ன?"

"மாடிப்படி."

"மாடிப்படியைப் பானைக்குள்ளே விட முடியுமா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏதோ அந்தக் காலத்து விஷயம்னு நினைச்சு மேலே படிச்சுட்டேன் தாத்தா."

புத்தகத்தில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் இல்லாமல் இல்லை. எட்டுச் சொற்கள் இருந்தன. சம்மதம், இசைவு, நித்திரை, தூக்கம், இப்படி. எட்டையும் அவள் தலைகீழாகச் சொல்வாள். படி அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இருக்கும்? இரண்டெழுத்து, முதல் வகுப்பிலேயே வந்துவிட்ட சொல், அதை யார் அருஞ்சொல் என்பார்கள்? பட்டியல் போடுகிறவர்கள் நீளமான சொல்லையும் வடமொழிச் சொல்லையும் கண்டால் பென்சிலால் கோடு போடுகிறார்கள். ஆனால் நீளமான சொல் குழந்தையை ஏமாற்றுவதில்லை. தெரியாத ஆளைப் போல அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. யார் என்று கேட்கத் தோன்றும். ஏமாற்றுவது தெரிந்த முகத்தோடு உள்ளே வருகிற சொல். படி என்றால் ஏறுகிற படி, வாசிக்கிற படி, பிரதி என்கிற படி, சம்பளத்தோடு தருகிற படி, அளக்கிற படி. 1956-ஆம் வருஷத்து எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவு வந்தது. கடையில் படி போய் லிட்டர் வந்தது. பட்டணத்து வீடுகளில் அரிசியை இப்போது டம்ளரால் அளக்கிறார்கள். பன்னிரண்டு வயசுக் குழந்தை படியை எங்கே பார்த்திருக்கும்?

நம் பழைய உபாத்தியாயர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை நெட்டுருப் போட்டார்கள். நெட்டுருவைப் பரிகாசம் செய்கிற கட்சியில் நான் சேரமாட்டேன். மனசில் நாலு பொருள் கிடந்தால்தான் ஒன்று பொருந்தாதபோது இன்னொன்றைத் தேட முடியும். ஆனால் பொருந்தவில்லை என்று முதலில் தெரியவேண்டுமே? மாடிப்படி பானைக்குள் போகிறபோது, ஏதோ சரியில்லை என்று படிக்கிறவள் நிற்க வேண்டும். அந்த நிற்றலை எந்தப் பட்டியலும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் நிற்காமலே இரண்டு மார்க்கு வாங்க முடிகிறது என்பதுதான் என்னைக் கலங்க அடித்தது.

எப்படி முடிகிறது? ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். "நொடப்பன் கீவலில் துமுக்கினான்." இது தமிழ் அல்ல, எந்த மொழியும் அல்ல. இப்போது ஒரு வினா: நொடப்பன் எங்கே துமுக்கினான்? விடை: கீவலில். முழு மார்க்கு. என்ன செய்தான்? துமுக்கினான். அதற்கும் முழு மார்க்கு. நம் மொழியின் இல் உருபு அவ்வளவு விசுவாசமாக வேலை செய்கிறது. எங்கே என்று கேட்டால் கண் தானாக இல்லைத் தேடிப் போகிறது. யாரால் என்று கேட்டால் ஆலைத் தேடுகிறது. வினாவில் இருக்கிற சொற்களைக் கதையில் கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தைப் பெயர்த்து எழுதுவதில் நம் பிள்ளைகள் தேர்ந்துவிட்டார்கள். அதற்குக் கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அது வாசிப்பு என்று சொன்னால்தான் சண்டைக்கு வருவேன்.

"சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்ற பயிற்சியின் கதியும் இதுதான். எந்தப் பெயர்ச்சொல்லைக் கொடுத்தாலும் "எனக்கு அது பிடிக்கும்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு ஈகை பிடிக்கும். எனக்கு நித்திரை பிடிக்கும். எனக்குப் படி பிடிக்கும். ஒன்றும் பிழை இல்லை. ஒன்றும் தெரிந்ததாகவும் இல்லை. உரசியது என்று நான் எழுதிய இடத்தில் மோதியது என்று போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுப் பார்க்கலாம். மோதுவதற்கு வேகம் வேண்டும். அரிசி இருக்கும் என்று நம்பிக் கையை விடுகிறவள் படியை மோதவிடுவாள். இல்லை என்று தெரிந்தும் கடைசி மணி வரை வழிக்கிறவள் கையில்தான் படி உரசும். இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வகுப்பு பத்து நிமிஷம் பேசினால் அந்தச் சொல் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடும்.

சொல் தெரிந்தால் போதாது, அது புழங்குகிற உலகமும் தெரியவேண்டும் என்பதற்கு நம் தமிழிலேயே பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழ்ப் பண்டிதராக வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியார் அவரிடம், என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. அதற்கும் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பிரதியைக் கொடுத்தார். ஐயருக்குப் படிக்கத் தெரியாதா, நிகண்டு தெரியாதா, இலக்கணம் தெரியாதா? எல்லாம் தெரிந்தும் புத்தகம் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியர் உரையைக் கையில் வைத்துக்கொண்டும் பிடிபடவில்லை. அது ஜைனர்களுடைய உலகம். கடைசியில் கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களைத் தேடிப்போய், அவர்கள் சம்பிரதாயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் வரிகள் பேச ஆரம்பித்தன. 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இதையெல்லாம் 'என் சரித்திரம்' நூலில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தெரியவில்லை என்று நிற்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையே அமெரிக்காவில் பரிசோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1988-இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், ஏழாம் வகுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கிற பத்தியைக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும், மரப் பொம்மைகளை வைத்து ஆட்டத்தை அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்த, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வாசிப்பில் கெட்டி, பேஸ்பால் தெரியாது என்ற பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டை வைத்து யாராவது செய்தால் கடைசி பெஞ்சுக்குப் பட்டம் சூட்ட வேண்டியிருக்கும்.

உபாத்தியாயர்களைக் குறை சொல்லுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு மணி அடிக்கிறது. நாற்பது நோட்டும் வீட்டுக்கு வந்து திருத்தவேண்டும். "ஓட்டலில்" என்ற விடையைக் கண்மூடித் திருத்தலாம். "அப்பா சாப்பிடவே இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று படியின் சத்தத்தில் தெரிந்துகொண்டு பொய் சொன்னார்" என்று ஒரு குழந்தை எழுதினால், அதை நின்று படிக்க வேண்டும்; விடைக்குறிப்பில் அது இருக்காது; சரி போட்டால் பக்கத்துக் குழந்தையின் தாயார் வந்து கேட்பாள். இந்தச் சங்கடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த டோலோரஸ் டர்க்கின் என்ற அம்மையார் நாலாம் வகுப்பு வாசிப்பு வகுப்புகளில் போய் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுத்தார். பொருளை உணர்ந்து படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கச் செலவான நேரம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மற்ற நேரத்தில் கேள்வி கேட்டார்கள், விடை சரியா என்று பார்த்தார்கள், பயிற்சித் தாளைக் கொடுத்தார்கள். 1978-79-இல் அந்தக் கணக்கு வெளிவந்தது. கேட்பதைக் கற்பிப்பது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

தமிழ்நாட்டில் 2018-க்குப் பிறகு வந்த அரசாங்கத் தமிழ்ப் புத்தகங்களில் பாடத்தின் முடிவில் சிந்தனை வினா என்று ஒன்று இருக்கிறது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் கடைத்தெருவில் விற்கிற வழிகாட்டி நூல்களைப் புரட்டினால் சிந்தனை வினாவுக்கும் விடை அச்சிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்காக யாரோ ஒருவர் முன்கூட்டியே சிந்தித்துக் கொடுத்துவிட்டார்.

பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. விடை எதுவானாலும் "உனக்கு எப்படித் தெரிந்தது? அந்த வரியைக் காட்டு" என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். அது போதும், பாதி வாசிப்பு உள்ளே வந்துவிடும். இரண்டு பிள்ளைகள் இரண்டு வரிகளைக் காட்டினால் இன்னும் நல்லது, சண்டை போடட்டும். பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு அம்மையார்கள் 1984-இல் வாசிப்பில் பின்தங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதற்குக் கிட்டத்தட்டவான ஒரு வழியைக் கையாண்டு பலன் கண்டார்கள். உபாத்தியாயர் ஒரு பத்தியைப் படித்து, சுருக்கிச் சொல்லி, கேள்வி கேட்டு, புரியாததைப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக் காட்டுவார். பிறகு அந்த நாற்காலியைப் பிள்ளைகளுக்கு முறைபோட்டுக் கொடுத்துவிடுவார். புரியாததை உபாத்தியாயரே ஒப்புக்கொள்வது இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

அன்றைக்கு நான் செய்தது அவ்வளவு கூட இல்லை. பரண்மேல் கிடந்த என் தாயாரின் படியை இறக்கினேன். தூசியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். சமையலறையில் அரிசி டின் அநேகமாகக் காலியாக இருந்தது, மாசக் கடைசி. "உள்ளே விட்டு வழிச்சு எடு" என்றேன். விட்டாள். கர்ரென்று ஒரு சத்தம். இன்னொரு முறை விட்டாள். பிறகு, நான் சொல்லாமலே போய்ப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அவர் சாப்பிடவே இல்லையா தாத்தா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"அவருக்குச் சத்தம் கேட்டிருக்கு." நோட்டைத் திறந்து சிவப்பு மையைப் பார்த்தாள். "நான் எழுதினது தப்புதானே? ஏன் ரெண்டு மார்க்கு போட்டாங்க?"

நான் விடைக்குறிப்பு, நாற்பது நோட்டு என்று என்னவோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"அரைப் பரீட்சையிலே இதே கேள்வி வந்தா எதை எழுதட்டும்?"

கதையை எழுதினவன் நான். அந்தச் சத்தத்தை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க மூன்று தடவை திருத்தி எழுதினேன். குழந்தையின் மார்க்கைப் பணயம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஓட்டலில் என்றே எழுது" என்றேன்.

அப்படியே எழுதினாள். இரண்டு மார்க்கு கிடைத்தது.