பதினோராம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசிப்பு

வருங்காலக் கொடுங்கோலுலகைக் கற்பனை செய்யும் இளையோர் நாவல்களை எமது முற்போக்கு விமர்சனம் பொருட்படுத்தியது அரிது. சந்தைக்கென உற்பத்தி செய்யப்படும் நசிவிலக்கியம் எனத் தள்ளிவிடுதல் எளிது. உற்பத்தி பற்றிய அளவில் அது பொய்யுமன்று. ஆயினும் ஒரு நூல் யாருக்காக ஆக்கப்பட்டது என்பதும் யார் கையில் அது என்னவாகிறது என்பதும் ஒன்றல்ல. இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருவர், சுசான் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘த ஹங்கர் கேம்ஸ்’ நாவலைப் பற்றி எழுதிய கட்டுரையொன்று எமது பார்வைக்கு வந்தது. அதனை மதிப்பிட்டவர், நூலை விட்டுத் தோட்டக் கதைக்குப் போய்விட்டதாகக் குறிப்பெழுதிப் புள்ளிகளைக் குறைத்திருந்தார். அக்குறிப்பே எம்மை எழுதத் தூண்டியது.

நாவலின் களம், வட அமெரிக்காவின் அழிவின்மேல் எழுந்த பனெம் என்னும் நாடு. செல்வம் கொழிக்கும் தலைநகரையும் அதற்கு உழைத்துக் கொடுக்கும் பன்னிரண்டு மாவட்டங்களையும் கொண்டது அது. பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி அனுப்பவேண்டும். அவ்வாறு வரும் 24 பேரும் ஒருவரையொருவர் கொன்று ஒருவர் எஞ்சுவதை நாடு முழுதும் தொலைக்காட்சியிற் காணவேண்டும். பசித்த பிள்ளைகள் ஓராண்டுக்கான சொற்பத் தானியத்தையும் எண்ணெயையும் பெறலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் பெயர் குலுக்கற் கலத்தில் மேலதிகமாக ஒருதரம் இடப்படும். கதாநாயகி கட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது.

இவ்விடத்தில் மாணவி எழுதுவது கூர்ந்து நோக்கத்தக்கது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒருநாட் கூலி. காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றவர் மாலையிற் குறித்த நிறை கொழுந்தோ பாலோ கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பெயர் என்னும் சொல்லே சோற்றின் அளவையாகிவிட்ட சமூகத்திற் பிறந்தவருக்கு, தானியத்துக்காகப் பெயரைக் கொடுத்தல் என்பது கற்பனைப் புதுமையாகத் தோன்றவில்லை. கொலின்ஸ் அந்தத் தானியச் சீட்டுக்கு ‘டெசரா’ எனப் பெயரிட்டார். பண்டை உரோமாபுரியில் தானியம் பெறுவதற்கான வில்லைக்கு வழங்கிய பெயர் அது. நாம் ஒன்று சேர்க்கலாம்: கங்காணிமுறையின் கீழ், கடனைத் தீர்த்தாற் தொழிலாளி விடுவிக்கப்படுவார் எனத் துரை எழுதிக்கொடுத்த தாளுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921 வரை மனிதர் அத்துண்டின்மேல் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். மேற்கத்தைய நடுத்தர வர்க்கம் நாளை நேரலாம் என அஞ்சுவது, உழைக்கும் மக்களின் ஒரு பகுதியினருக்கு நேற்று நேர்ந்தது. இவ்வகை நாவல்களின் காலத்தை வாசகரின் வர்க்க நிலையே தீர்மானிக்கிறது.

மாணவி தம்மைக் கட்னிஸுடன் அடையாளங்காணவில்லை. பதினோராம் மாவட்டத்து ரூ என்னும் 12 வயதுச் சிறுமியுடனேயே காண்கிறார். அது பயிர்ச்செய்கை மாவட்டம். விளைச்சலைத் தின்றவருக்குச் சாட்டையடி. உயர்ந்த கிளைகளில் ஏறிப் பழம் பறிப்பது ரூவின் வேலை. வேலை முடிந்ததை நான்கு சுரங்களாற் பறவைகளுக்கு அறிவிப்பவளும் அவளே. தப்பொலி கேட்டு எழுந்த லயத்து மக்களின் வாரிசுக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை. 2012இல் திரைப்படம் வெளிவந்தபோது, ரூ கறுப்பினச் சிறுமியாக வந்தாள் என்று அமெரிக்க இரசிகர் சிலர் சினந்தனர். அவளுடைய கரிய நிறம் நூலிலேயே எழுதப்பட்டிருந்தது. அவர்கள் வாசித்தும் காணாததை எமது மாணவி முதல் வாசிப்பிலேயே கண்டார். நூலை விட்டு விலகியவர் யார்?

கட்டுரையின் மிக வலிய வாக்கியம் ரூவின் சாவு பற்றியது. ஈட்டியை எறிந்தவன் தலைநகரத்தவன் அல்லன், முதலாம் மாவட்டத்துப் பையன் என்கிறார் மாணவி. அடுத்த வரியில் 1977, 1981 என இரு ஆண்டுகளை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார். 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்ததை வீட்டிற் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் அவர். அந்த மௌனத்தை நாம் மதிக்கிறோம். எனினும் விமர்சனம் அங்கு நிற்கவியலாது. சப்ரகமுவவில் தோட்டமும் சிங்களக் கிராமமும் வேலிக்கு வேலி. முடிக்குரிய நிலம் பற்றிய 1840ஆம் ஆண்டுச் சட்டத்தாற் காணியிழந்த விவசாயிக்கு, அக்காணியில் இறக்குமதி செய்யப்பட்ட கூலியே எதிரியாகக் காட்டப்பட்டார். 1949இல் தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிக்கப்பட்டபோது, அவ்விருவரையும் பிரித்த வேலி சட்டத்தாலும் உயர்த்தப்பட்டது. மாவட்டங்கள் ஒன்றையொன்று அறியாதிருத்தலே தலைநகரின் பலம் என்பதை நாவல் காட்டுகிறது. ஆனால் அவ்வறியாமை எந்த உற்பத்தியுறவிலிருந்து பிறக்கிறது என அது கேட்பதில்லை. உபரி எங்கே போகிறது என்பதை விருந்து மேசைகளாற் காட்டிவிட்டு அமைகிறது. அதன் பெருங்குறை இதுவே.

இன்னொரு குறையை மாணவியே சுட்டுகிறார்: கட்னிஸ் வளர்வதற்காக ரூ சாகவேண்டியிருக்கிறது, ரூவின் மாவட்டம் தன் வாயாற் பேசுவதில்லை. இது நியாயமான கண்டனம். எனினும் அம்மாவட்டம் ஒருமுறை செயலாற் பேசுகிறது. ரூவின் உடலைக் கட்னிஸ் மலர்களால் மூடியபின், பதினோராம் மாவட்டம் அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறது. பட்டினி கிடப்போர் பலர் சேர்ந்தே அதற்குக் காசு போட்டிருக்கவேண்டும் என அவள் எண்ணுகிறாள். மாணவி இதனை லயத்து மரண உதவிச் சங்கத்துடன் ஒப்பிடுகிறார். நாம் அதற்கப்பாலும் செல்வோம். அது தன் மாவட்டத்தவளல்லாத ஒருத்திக்கு அனுப்பப்பட்ட ரொட்டி. தாய்லாந்தில் 2014இலும் மியன்மாரில் 2021இலும் இராணுவ ஆட்சியை எதிர்த்தோர் இக்கதையின் மூன்றுவிரல் வணக்கத்தை எடுத்துக்கொண்டனர். எமக்கோ அந்த ரொட்டியே பயனுடையது.

கேகாலை மாவட்டத்துச் சிங்களக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவர் இதே நாவலைப் பற்றி எழுதுவதையும் வாசிக்க விரும்புகிறோம். அவரும் தம்மைப் பதினோராம் மாவட்டத்திலேயே நிறுத்திக்கொள்வார் என்பது எமது ஊகம்.