கடமானுக்கு எந்தத் தோட்டா?

பெங்களூரின் அடுகோடியைத் தொட்டுச் செல்லும் ஓசூர் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகள் வந்துவிடும். பெங்களூர் ஷிகாரிகளின் பழைய வேட்டைக்களம் அது. வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சனின் (1910–1974) கதைகளில் பல அங்கேதான் நடக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபின் அங்கே மானைச் சுடுவது குற்றம், அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘எந்த மானுக்கு எந்தத் தோட்டா’ என்று நூறாண்டுக்கு மேலாக நடந்த வாதம் பதிவுசெய்யத் தக்கது. மேலோட்டமாகப் பார்த்தால் அது எண்களின் சண்டை. உள்ளே இருந்த கவலை ஒன்றுதான்: சுட்ட மான் காயத்தோடு ஓடிச் சாகக் கூடாது.

முதலில் மான்களின் அளவு. கேளையாடு இருபது, இருபத்தைந்து கிலோ. புள்ளிமான் ஆண் எழுபது முதல் தொண்ணூறு கிலோ. கடமான் ஆணோ இருநூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தோலும் தோள் எலும்பும் அதற்கேற்ற தடிமன். மூன்றுக்கும் ஒரே குண்டு என்பவர் மூன்றில் இரண்டையாவது கெடுப்பார்.

கனக் கட்சி

கனமான குண்டே வேண்டும் என்ற பழைய கட்சி இது. கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தை அதிகம் கூட்ட வழியில்லை, எடையைத்தான் கூட்டலாம். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதே ‘போர்’ கணக்கு. 12 போர் என்றால் பன்னிரண்டு உருண்டை, 4 போர் என்றால் நான்கே உருண்டை. மைசூர் சமஸ்தானத்தில் யானை பிடித்தவரும் 1878இல் தம் அனுபவ நூலை வெளியிட்டவருமான ஜி.பி. சாண்டர்சன் யானைக்கு எடுத்தது அந்த 4 போர்தான்.

புகையற்ற மருந்து வந்தபின்னும் கனக் கட்சி கலையவில்லை. ஆண்டர்சன் கையிலிருந்த .405 வின்செஸ்டர் (இந்த எண் ஏறத்தாழ அங்குலத்தில் துளையின் விட்டம்) 1904இல் வந்த தோட்டா. 300 கிரெய்ன் குண்டு (ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்), வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி. மூங்கில் புதரில் ஐம்பது கஜத்தில் எழும் கடமானுக்கு இதைக் குறை சொல்ல முடியாது. இருநூறு கஜத்துக்கு அப்பால் குண்டு வெகுவாகத் தாழும். கனமான குண்டு கிளைகளை முறித்துக்கொண்டு நேரே போகும் என்பது இக்கட்சியின் செல்லக் கதை. கிளையில் பட்டால் எந்தக் குண்டும் விலகும்.

வேகக் கட்சி

1925இல் வந்த .270 வின்செஸ்டர், இலேசான வேகமான குண்டை நம்பியவர்களின் கொடி. 130 கிரெய்ன் குண்டு விநாடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல் பறந்தது. அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களில் ஜாக் ஓ’கானர் இதைப் போற்றி எழுத, எல்மர் கீத் கனக் குண்டின் பக்கம் நின்று மறுத்தார். நம் நாட்டில் இதற்கு முன்னோடியாக ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியைச் சொல்லலாம். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரைபிள் அது. உதையும் குறைவு, குறியும் பிசகாது. நீலகிரிப் புல்வெளிபோல் தூரத்தில் மான் நிற்கும் இடத்துக்கு இக்கட்சியே பொருத்தம். ஆனால் வேகமான மெல்லிய குண்டு கடமானின் தோள் எலும்பில் சிதறிவிட்டால் மேலே பெரிய புண், உள்ளே நுரையீரல் முழுசு.

இந்தியாவில் தேர்வு வேட்டைக்காரன் கையில் மட்டும் இருந்ததில்லை. படைத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் 1907 வாக்கில் ஆங்கில அரசு .450 தோட்டாவை இங்கே தடுத்தது; .470, .465 போன்ற புது அளவுகள் பிறந்ததற்கு அந்தத் தடையே காரணம். படைக்குரிய .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் .315 நாட்டு ரைபிளானது. உரிமத்தில் 12 போர் மட்டும் வைத்திருந்தவருக்கு எல்ஜி, எஸ்ஜி என்னும் பருமனான ரவைதான் கதி. நாற்பது கஜத்துக்கு மேல் ரவை சிதறும். மான் சாகாது, காயம்படும்.

குண்டின் உடற்கூறு

இரு கட்சியும் எண்ணைப் பிடித்துத் தொங்க, விடை குண்டின் உள்ளே இருந்தது. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் மூக்கில் ஈயம் தெரியும்படி ஒரு குண்டு செய்தார்கள். உடலில் பட்டதும் அது விரிந்தது. போரில் இது கொடுமை என்று 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது. மான் வேட்டையில் அதே விரியும் குண்டைப் பல நாடுகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. விரியாத குண்டு ஊசித் துளையிட்டு வெளியேற, மான் மணிக்கணக்கில் துடிக்கும்.

விரிய வேண்டும், சிதறவும் கூடாது. 1946இல் கனடாவில் சேறு காய்ந்த தோலுடைய மூஸ் மான் மேல் தம் குண்டு தோற்றதைக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உள்ளே போகும். பின்னர் முழுச் செம்புக் குண்டுகளும் வந்தன. இறைச்சியிலும் கழிவிலும் தங்கும் ஈயத்தூள் காண்டோர் கழுகுகளைக் கொல்வதால் 2019 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயமே கூடாது.

அளவுகோல்கள்

இங்கிலாந்துச் சட்டம் குறைந்தது .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கேட்கிறது. ஸ்காட்லாந்து வேகத்துக்கும் வரம்பு வைக்கிறது: விநாடிக்கு 2,450 அடி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1860களில் கொண்டுபோய் விடப்பட்ட நம் கடமான் இன்று காடெங்கும் பெருகியிருக்கிறது. அதற்கு அங்குள்ள விதி: குறைந்தது .270 அளவு, 130 கிரெய்ன் குண்டு. புள்ளிமானுக்கு .243, 80 கிரெய்ன் போதும். ஆற்றலை அளந்தால் வேகக் கட்சிக்குச் சாதகம், எடையை அளந்தால் கனக் கட்சிக்கு. விக்டோரியா மானின் உடலிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. மூன்றில் அதுவே நேர்வழி.

நார்வே இன்னொரு படி மேலே போய்ச் சுடுபவரையே அளக்கிறது. பெருவிலங்கு வேட்டைக்கு ஆண்டுதோறும் தேர்வு: நூறு மீட்டரில் மான் உருவத்தின் மேல் ஐந்து குண்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். நம் ஷிகாரி மரபில் இப்படித் தேர்வு இல்லை. காயம்பட்டதைத் தேடி முடிக்காமல் முகாம் திரும்புவது இழுக்கு என்ற கட்டுப்பாடு இருந்தது. 1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879இன் நீலகிரி வேட்டைச் சட்டமும் அந்தக் கட்டுப்பாட்டைக் காட்டுக்கும் விரித்தன. எப்போது சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பது எழுத்தில் வந்தது.

ஆகவே விக்டோரியாவின் மெல்போர்னில் குடியேறி, உரிமம் எடுத்து, ‘எந்த ரைபிள் வாங்கலாம்?’ என்று கேட்கும் உறவினருக்குச் சொல்லவேண்டிய வரிசை இது. எந்த மான்? எத்தனை கஜம்? அந்தத் தூரத்தில் உங்கள் குறி எவ்வளவு நிற்கும்? அந்த வேகத்தில் குண்டு விரியுமா, சிதறுமா? இந்த நான்குக்கும் விடை தெரிந்தபின் பார்த்தால், பெட்டியில் அச்சிட்ட எண்ணில் தேர்ந்தெடுக்க அதிகம் மிஞ்சியிருக்காது. உதை தாங்காமல் கண்ணை மூடிச் சுடும் .375ஐவிட, தோளுக்குப் பின்னே நுரையீரலில் இறங்கும் .270 இரக்கமுள்ளது.