இசைத்தட்டும் நினைவேக்கமும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைவாசலில் பழம்பாடல் ஒலித்தால் நின்று கேட்போர் இன்றும் உளர். கிராமபோன் பற்றிய அவர்தம் பேச்சில் பெட்டியே முதன்மை பெறும்: ஊதுகுழல், முடுக்கும் சாவி, அடிக்கடி மாற்றவேண்டிய எஃகு ஊசி. பாட்டின் அளவு பேசப்படுவது அரிது.

நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே கொள்ளும். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். திரைப்படத்தில் அவர் தோன்றவில்லை. விடியுமளவும் நீண்ட நாடக மேடையில் விரிந்த அவர் பாட்டு, தட்டு வழியாகவே நமக்கு எஞ்சியுள்ளது. மேடையில் அவையோர் 'ஒன்ஸ்மோர்' கேட்க மீண்டும் மீண்டும் பாடப்பட்ட பாட்டு, தட்டில் ஒருமுறையோடு முடியும், ஆலாபனையும் சுருங்கும். எனவே அதனை 'அக்கால மேடைக் குரல்' என மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் பொருந்தாது. அது ஒலிப்பதிவுக்கெனச் சுருக்கிய தனி வடிவம்.

கீறலோசையே உண்மை என்பாரோடும் உடன்படுவதற்கில்லை. கீறல் பாடகருடையதன்று, ஊசியும் தட்டும் உரசித் தேய்ந்ததன் விளைவு. மாறாக, நீண்ட பாடல்கள் சில இரு பக்கமாகப் பகுக்கப்பட்டன. அவற்றை இணைத்து ஒரே பாடலாக இன்று வெளியிடும்போது அம்முறிவு மறைகிறது. பாடகர் எவ்வடியில் நிறுத்தி, மறுபக்கத்தை எவ்வாறு தொடங்கினார் என்பது நாடகப் பாடல் ஆய்வாளர் இழக்கலாகாத சான்று.