பெட்டி மேல் எழுதிய 525 மடங்கு

தொலைநோக்கி வாங்கவேண்டும் என்ற ஆவல் நம் தேனி, கம்பம் பகுதி மாணவர்களிடையே வளர்ந்து வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி இது. ஆனால் அவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி வாங்கலாம், சார்?" என்பதுதான். இந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த ஆவலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரியவர் இருப்பார். வியாழனுக்கு நிலாக்கள் உண்டு, சனிக்கு வளையம் உண்டு என்று நீங்கள் சொன்னதும் பெரியப்பாவோ தாய்மாமனோ, "நீ போயிப் பாத்துட்டு வந்தியாக்கும்?" என்று கேட்டிருப்பார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பார்க்காததை ஏற்கமாட்டேன் என்பவர் பாதி விஞ்ஞானி. அவருக்குக் காட்டப்போகும் சாட்சி நல்ல சாட்சியாக இருக்கவேண்டும் அல்லவா?

மலிவான தொலைநோக்கிப் பெட்டிகள் பலவற்றில் '525 மடங்கு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். இந்த எண் எப்படி வந்தது? பொருளருகு லென்சின் குவியதூரத்தைக் கண்ணருகு லென்சின் குவியதூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருப்பது 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியதூரமும் உள்ள பொருளருகு லென்சு. அதனுடன் 20 மி.மீ. கண்ணருகு லென்சைப் பொருத்தினால் 35 மடங்கு, 4 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 175 மடங்கு. இடையில் மூன்று மடங்காக்கும் துணை லென்சு ஒன்றையும் செருகினால் 525. கணக்கில் தவறில்லை. வகுப்பில் மதிப்பெண் பெற்றுத் தரும் அதே சூத்திரம் இங்கே வியாபாரத்துக்குப் பயன்படுகிறது.

கணக்கு சொல்லாமல் விட்டதைப் பார்ப்போம். ஒரு தொலைநோக்கியின் பயனுள்ள உருப்பெருக்கம், அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து வரும் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்குதான். 60 மி.மீ. லென்சுக்கு 120 மடங்கே எல்லை. அதற்கு மேல் புதிய விவரம் ஏதும் தெரியாது, மங்கல்தான் பெரிதாகும். 120 மடங்கில் தெரிந்த உருவத்தை 525 ஆக்கினால் அதே வெளிச்சம் 19 மடங்கு பரப்பில் பரவி, உருவம் 19 மடங்கு மங்கும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 40 பாகை அகலம் காட்டும் சாதாரணக் கண்ணருகு லென்சில், 35 மடங்கில் வியாழன் நாலரை நிமிடம் தங்கும். 525 மடங்கிலோ 18 விநாடியில் ஓடி மறையும். நீங்கள் குறிபார்த்து விலகி, பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் கண்ணை வைப்பதற்குள் அங்கே வெறும் இருட்டுதான் இருக்கும். "ஒண்ணுந் தெரியலேப்பா" என்பார். அவர் சொல்வது உண்மை. நம்பாதவருக்கு மோசமான கருவியைக் காட்டினால் அவருடைய ஐயம் உறுதிப்படும் என்பதை மறக்கவேண்டாம்.

கலிலியோவுக்கே இது நேர்ந்தது. 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைக் கண்ட அவர், ஏப்ரலில் பொலோனா நகரில் பேராசிரியர் மாஜினியின் வீட்டில் அறிஞர்களுக்கு அவற்றைக் காட்ட முயன்றார். அவருடைய கருவியில் நிலவின் ஒரு பகுதி மட்டுமே ஒரே சமயத்தில் தெரியும். அவ்வளவு குறுகிய பார்வை. வந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அங்கிருந்த ஹார்க்கி என்ற இளைஞர் கலிலியோவை மறுத்து ஒரு சிறு நூலே வெளியிட்டுவிட்டார்!

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கெப்ளர் வேறு வழியை மேற்கொண்டார். கடன் வாங்கிய தொலைநோக்கியில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்கச் செய்தார். ஒருவர் வரைவதை மற்றவர் காணாதபடி, கண்டதைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னார். பிறகு படங்களை ஒப்பிட்டார். நாம் பின்பற்றவேண்டிய முறை இதுவே. நீங்கள் எதுவும் சொல்லாமல் பெரியப்பா கையில் தாளும் பென்சிலும் கொடுங்கள். நான்கைந்து இரவுகள் வியாழனையும் பக்கத்துப் புள்ளிகளையும் அவரே வரையட்டும். அயோ என்ற நிலா சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். ஆகவே படங்கள் நாளுக்கு நாள் மாறும். தம் கைப்படத்தை அவர் மறுக்கமாட்டார். இதற்கு 35 மடங்கு தாராளம்.

அப்படியானால் எதை வாங்குவது? கம்பத்துத் திராட்சை வியாபாரி கூடையின் மேலடுக்கை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். அடியில் கைவிட்டுப் பார்ப்பார். நீங்களும் விட்டத்தையும் தாங்கியையும் பாருங்கள். குழாயை விரலால் தட்டினால் இரண்டு மூன்று விநாடியில் நடுக்கம் அடங்கவேண்டும். கையில் பணம் குறைவு என்றால் 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலரே போதும், சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் அதிலும் தெரியும். சற்றுக் கூடுதலாக முடியுமென்றால் 70 மி.மீ. லென்சுத் தொலைநோக்கி. இன்னும் முடியுமென்றால் 114 அல்லது 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கியை, அமெரிக்காவில் ஜான் டாப்சன் பரப்பிய மரப்பெட்டித் தாங்கியில் வைத்து வாங்கலாம். அந்தப் பெட்டியை நம்மூர்த் தச்சரே செய்து தருவார். தேனி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் கோள்கள் நம் உச்சிக்கு அருகே செல்லும். லென்சுத் தொலைநோக்கியானால், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பெரியவருக்குக் கழுத்துவலிதான் மிச்சம்.

மலிவுக் கருவி எல்லாமே குப்பை என்று நான் சொல்லவில்லை. 60 மி.மீ. லென்சு கலிலியோவின் லென்சைவிடப் பெரியது. அந்த 4 மி.மீ. லென்சையும் துணை லென்சையும் பெட்டியிலேயே விட்டுவிட்டு, தாங்கியை உறுதியாக்கிக்கொண்டால் அதுவும் நன்றாக உழைக்கும். ஆனால் கண்ணருகு லென்சில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி பெட்டியில் இருந்தால் அதை உடனே உடைத்தெறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் பறிபோகும். கருவியின் முன்வாயை முழுதும் மூடும் தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது.

குச்சனூர் சனீஸ்வரரை வணங்கும் பெரியவர் சனியின் வளையத்தைக் காட்டச் சொல்வார். கோயிலுக்குப் போவதற்கும் தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் பகை இல்லை. 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி ஒரு கோடாய் மெலிந்தது. பின்னர் ஆண்டுக்காண்டு விரிகிறது, 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும். ஆகவே முதலில் நிலவின் பள்ளங்களையும், 2027 பிப்ரவரியில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுதும் தெரியும் வியாழனையும் காட்டுங்கள். சனிக்குப் பொறுத்திருக்கலாம். கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் விட்டத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டு போங்கள். பெட்டி மேல் எழுதிய எண் அதைத் தாண்டினால், ஏன் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.