பெயரைப் பிரித்தலும் பொருளை அறிதலும்: கணினி நிகழ்வுப் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

பெயர்ச்சொற்களை ஆராயும்போது நாம் பெரும்பாலும் இலக்கியங்களிலும் சாசனங்களிலும் வழங்கும் பெயர்களோடு நின்றுவிடுகின்றோம். உற்பத்திக் கருவிகளைச் சூழ்ந்து தோன்றும் பெயர்த்தொகுதிகள் எமது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவையாகவே கருதப்பட்டு வந்துள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், 2021இல் தனித்து நிறுவப்பெற்ற வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்கும் இன்றைய நிலையில் இவ்வெல்லை வகுப்புப் பொருந்தாது. வன்னியின் விவசாயக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர் கணினியை இயக்குபவராக மாத்திரம் நிற்பாரா, அதனை வாசித்தறிபவராகவும் ஆவாரா என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது.

நாம் இங்கு பனுவலாகக் கொள்வது, லினக்ஸ் பணிசெயல் முறைமையுடன் 2009 முதல் வழங்கப்பட்டுவரும் 'பேர்ஃப்' என்னும் அளவீட்டுக் கருவியின் நிகழ்வுப் பெயர்களை. முறைவழியாக்கியினுள் எண்ணிகள் சில உள்ளன. கடிகாரச் சுற்றுகள் எத்தனை கழிந்தன, அறிவுறுத்தல்கள் எத்தனை நிறைவேறின, பதுக்கு நினைவகத்தில் தேடிய தரவு எத்தனை தடவை அகப்படவில்லை என்பனவற்றை அவை எண்ணும். எதனை எண்ணவேண்டுமென்று பயனாளர் பெயராற் கூறுவார். கருவி அப்பெயரைப் பிரித்து, வன்பொருள் ஏற்கும் குறியெண்ணாக மாற்றும். ஆகவே இப்பெயர் வெறும் அடையாளமன்று. உறுப்புகளும் அவற்றுக்கிடையே ஒழுங்கும் கொண்ட ஒரு தொடராகும்.

'எல்1-டிகேஷ்-லோட்-மிஸ்ஸஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். முதலிரு உறுப்புகள் முதல் நிலைத் தரவுப் பதுக்கு நினைவகத்தையும், அடுத்தது ஏற்றுதல் என்னும் வினையையும், இறுதியுறுப்பு அவ்வினை தவறியமையையும் சுட்டுகின்றன. பெயரின் பின் முக்காற்புள்ளியிட்டு 'யூ' எனச் சேர்த்தால் பயனாளர் செய்நிரலின் பகுதி மாத்திரமும், 'கே' எனச் சேர்த்தால் பணிசெயல் முறைமையின் கருப்பகுதி மாத்திரமும் எண்ணப்படும். நன்னூலின் பதவியலைக் கற்றவர்க்குப் பகுதியும் விகுதியுமாகப் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பு அந்நியமானதன்று.

2012இல் இக்கருவியின் பெயர் பிரிக்கும் விதிகள் முறைப்படுத்தப்பட்ட இலக்கணமாக எழுதப்பட்டன. எனினும் இலக்கணம் மாத்திரம் போதவில்லை. 'ஈஎல்-அபோர்ட்' என்ற பெயரை, இடையே நின்ற சிறுகோடு காரணமாக, கருவி இரண்டு நிகழ்வுகளாகப் பிரித்துவிட்டது. 2014இல் இதற்குக் காணப்பட்ட தீர்வு, வழக்கிலுள்ள பெயர்களின் பட்டியலொன்றைப் பார்த்த பின்னரே பிரிக்க வேண்டுமென்பதாகும். அதாவது, புணர்ச்சி விதியுடன் நிகண்டும் வேண்டப்பட்டது.

வன்னி இடப்பெயர்களைப் பிரித்து நோக்கியவர்க்கு இவ்வனுபவம் புதியதன்று. இரணைமடு இரணை, மடு எனவும், கனகராயன்குளம் கனகராயன், குளம் எனவும் இயல்பாகப் பிரியும். முல்லைத்தீவும் முல்லை, தீவு எனப் பிரியும். ஆயின் அவ்வூர் தீவன்று. 'வவுனி' என்ற அளவில் நிறுத்தினால் அது வவுனியா நகரா, முல்லைத்தீவு மாவட்டத்து வவுனிக்குளமா என்பது புலப்படாது. பிரிப்பு விதி சொல்லின் எல்லையைக் காட்டுமேயன்றிப் பொருளை உறுதிசெய்யாது. பொருளை உறுதிசெய்வது வழக்கு. அவ்வழக்கைத் தோற்றுவிப்பது மண்ணோடும் நீரோடும் மனிதர் கொண்ட உழைப்புறவு.

கணினிப் பெயர்களின் வழக்கை நிருணயிப்போர் யார் என்ற வினா இங்கு எழுகின்றது. ஒவ்வொரு முறைவழியாக்கியிலும் எவை எண்ணப்படும் என்பதை அதனை உற்பத்தி செய்யும் நிறுவனமே தீர்மானிக்கின்றது. 'பேர்ஃப்' கருவியோ பல நிறுவனங்களின் வன்பொருள்களுக்கும் 'கேஷ்-மிஸ்ஸஸ்' போன்ற பொதுப்பெயர்களை வழங்குகின்றது. அப்பெயர் வழமையாக இறுதி நிலைப் பதுக்கு நினைவகத்தையே குறிக்கும் என்று ஆவணம் கூறுகிறது. 'வழமையாக' என்ற சொல் அங்கு கவனிக்கத்தக்கது. வேறுபட்ட உழைப்புகள் சந்தையில் ஒரே விலைப்பெயரின் கீழ்ச் சமப்படுத்தப்படுவதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் விளக்கினார். பொதுப்பெயரும் அவ்வாறே வேறுபாட்டை மறைத்து ஒப்பீட்டை இயலச்செய்கின்றது. 2021இல் இன்ரெல் வெளியிட்ட 12ஆம் தலைமுறை முறைவழியாக்கிகள் பலவற்றில் இருவகைக் கருக்கள் அமைந்தபோது, 'சைக்கிள்ஸ்' என்ற ஒரே பெயர் இரு நிகழ்வுகளாக விரிக்கப்படலாயிற்று. மறைந்திருந்த வேறுபாடு பெயரைப் பிளந்துகொண்டு வெளிப்பட்ட தருணம் அது. பொதுப்பெயரைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அது எதனை மறைக்கின்றது என்பதை அறிந்து வழங்கவேண்டுமென்கின்றோம்.

தமிழில் இவற்றை எவ்வாறு கையாள்வது? அனைத்தையும் மொழிபெயர்த்துவிட வேண்டும் என்பது ஒரு நிலைப்பாடு. அவை வெறுங் குறிகளாதலின் ஆங்கிலத்தில் மனனஞ் செய்தாற் போதும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே குறைபாடுடையன. இரண்டுமே பெயரின் அமைப்பை நோக்குவதில்லை. அறிவுறுத்தல்களைப் பற்றி வழங்கும் 'றிற்றயேட்' என்னும் சொல்லை 'ஓய்வுபெற்ற' எனப் பெயர்ப்பவர் அகராதிக்கு உண்மையாயிருந்து பொருளுக்குப் பொய்யாகின்றார். முறைவழியாக்கி ஊகத்தின் பேரிற் பல அறிவுறுத்தல்களைத் தொடங்கி, ஊகம் பிழைத்தபோது அவற்றைக் கைவிடும். கைவிடப்படாது முடிந்து, பயன் நிலைபெற்றவற்றையே அச்சொல் குறிக்கின்றது. எனவே 'நிறைவேறிய' என்பதே பொருந்தும். மறுபுறம், அதனை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவர், தொடங்கிய வேலைக்கும் நிறைவேறிய வேலைக்கும் இடையிலான வேறுபாட்டை அறியாமலே எண்களை வாசிப்பார். அவ்வெண்களின் அடிப்படையில் அவர் செய்நிரலிற் செய்யும் திருத்தமும் பிழைக்கும்.

கருவிக்கு இடப்படும் மூலப்பெயரை மாற்றாது பேணி, அதன் ஒவ்வோர் உறுப்பையும் தமிழிற் பிரித்துரைக்கும் உரைமரபொன்றே இன்றைய தேவை என்பது எமது முடிபு. மூலத்தைச் சிதைக்காது பதம்பிரித்துப் பொருள் கூறியவர்கள் எமது உரையாசிரியர்கள். செய்யுளுக்கு அவர்கள் ஆற்றிய பணியை இயந்திரத்தின் மொழிக்கும் விரிப்பது மரபைக் கைவிடுதலாகாது. 'பேர்ஃப்' கருவியின் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாக வெளியிடப்பட்டுள்ளது. கதவு திறந்திருக்கின்றது, ஆயினும் வாசிக்கும் பயிற்சியற்றவர்க்குத் திறந்த கதவும் சுவரே. அப்பயிற்சியை வன்னி மாணவர்க்கு அவர்தம் மொழியில் வழங்கும் பொறுப்பிலிருந்து தமிழ்த்துறைகள் விலகி நிற்றல் ஆகாது.