‘உடைப்பு ஏற்பட்டது’

தளவானூர் போய் வந்தேன் என்றதும் நண்பர் கேட்டார்: “அணை உடைந்ததே, அந்தத் தளவானூரா?” இல்லை. நான் போனது செஞ்சிப் பக்கத்துத் தளவானூருக்கு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குன்றைக் குடைந்து சத்ருமல்லேஸ்வராலயம் எடுத்த ஊர். நண்பர் சொன்னது தென்பெண்ணைக் கரையிலுள்ள தளவானூர். இரண்டும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நண்பர் கவிஞர். குடைவரையைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அணையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பேசப் பேச அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டே போயிற்று. இந்தக் கட்டுரை அந்தச் சந்தோஷத்தைப் பற்றியது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: தளவானூருக்கும் அக்கரையில் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்துக்கும் இடையே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு தடுப்பணை கட்டி 2020இல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கம் உடைந்தது. பொறியாளர்கள் சிலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பர் வெள்ளத்தில் தளவானூர்ப் பக்கமும் போயிற்று. ஆறு கரையை மேலும் அரிக்காமலிருக்க, நின்றதை அரசே வெடிவைத்துத் தகர்த்தது. அதே ஆற்றில் இன்னும் மேலே, திருவண்ணாமலை மாவட்டத்து அகரம்பள்ளிப்பட்டில், சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன பாலத்தை 2024 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோயிற்று. முன்னதைக் கட்டியது ஒரு கட்சியின் ஆட்சி, பின்னதைத் திறந்தது மற்றதன் ஆட்சி. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்று பாலத்துக்கு விளக்கம் சொன்னார்கள். அந்த வெள்ளம் பெரிதுதான். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது விமர்சகனின் வேலை அல்ல. அவன் வாக்கியங்களைப் பார்க்கலாம்.

‘தடுப்பணையில் உடைப்பு ஏற்பட்டது.’ இது நம் அரசாங்கத் தமிழ். உடைப்பு எழுவாயாக நிற்கிறது. அது தானாகவே ஏற்பட்டுக்கொள்கிறது. டெண்டர் கோரப்படுகிறது. பணி முடிக்கப்படுகிறது. தொகை விடுவிக்கப்படுகிறது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும். கோப்பு முழுக்க ஆள் நடமாட்டமில்லாத தெரு மாதிரி இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பு என்று நாம் எழுதிக்கொண்டிருப்பது என்ன? சுருட்டினான், விழுங்கினான், கொள்ளையடித்தான். வெள்ளை வேட்டி, தொந்தி, மோதிர விரல்கள். கார்ட்டூனிலிருந்து சினிமாவுக்கும் சினிமாவிலிருந்து புதுக்கவிதைக்கும் இந்த உருவம் அலுக்காமல் நடந்துவந்திருக்கிறது. இங்கே ஆள் இருக்கிறான், காரியம் இல்லை. எம்.புக்கில் யார் எதை அளந்து எழுதினார், பில் எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம் ஒன்றும் கிடையாது. அரசாங்கத் தமிழ் செய்தவனை மறைக்கிறது. நம் கோபத் தமிழ் செய்ததை மறைக்கிறது. இரண்டுக்கும் இடையில் அணை போய்க்கொண்டே இருக்கிறது.

தண்ணீரின் பெயரிலேயே நம்மிடம் இரண்டு படைப்புகள் உண்டு. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறி அடுத்த ஆண்டு பாலசந்தர் கையில் சினிமாவாயிற்று. அரசியல்வாதியைக் குத்தும் ஒவ்வொரு வசனத்துக்கும் நகரத்துச் சபைகளில் கைதட்டல் விழுந்தது. தட்டியவர்களில் எத்தனை பேர் அன்று காலை அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நாடகத்தின் நிஜமான கணம் வசனத்தில் இல்லை. அத்திப்பட்டி ஜனங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டப் புறப்படும்போது அரசாங்கம் குறுக்கே வந்து நிற்கிறதே, அங்கே இருக்கிறது. லஞ்சம் வாங்கும் கை அங்கே தேவைப்படவில்லை. விதியே போதுமானதாக இருக்கிறது. கோமல் அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப்போய்விட்டார் என்பதுதான் என் குறை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் கைதட்ட இடமே கிடையாது. சென்னையில் ஒரு தெரு, ஜமுனா, குடம், வராத குழாய். அரசாங்கம் அதில் பேசுவதில்லை. தோண்டிப் போட்ட தெருவாக இருக்கிறது. வில்லன் என்று ஒருவரையும் காட்ட முடியாது. ஊழல் என்ற வார்த்தையின் துணை இல்லாமலே ஒரு நிர்வாகம் மனிதர்களை என்ன செய்கிறது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வழியில் நம்மில் அதிகம் பேர் போகவில்லை. கைதட்டல் உள்ள வழிதான் கூட்டமாக இருக்கிறது.

இதில் பொருளாதாரக்காரர்கள் நம்மைவிட நல்ல நாவலாசிரியர்கள் என்று எனக்குப் படுகிறது. ராபர்ட் வேட் என்பவர் தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத் துறையைக் கவனித்து 1982இல் எழுதிய கட்டுரையில் ராட்சசன் ஒருவன்கூட இல்லை. ஒரு இன்ஜினீயர் நல்ல இடத்துக்கு மாற்றல் வாங்கப் பணம் கொடுக்கிறார். கொடுத்ததை வேலைகளிலிருந்தும் தண்ணீர் கேட்கும் விவசாயிகளிடமிருந்தும் திரும்ப எடுக்கிறார். ஒரு பங்கு மேலே போகிறது, அங்கிருந்து அரசியலுக்குப் போகிறது. எந்த இடத்தில் எவ்வளவு கிடைக்குமோ அதற்கேற்ப அந்த இடத்துக்கு விலை. வாங்க மாட்டேன் என்பவருக்கு அந்த இடத்தில் நிலைப்பது கஷ்டம். இப்படி ஒரு சந்தை இருக்கும்போது நாலு பேரை சஸ்பெண்ட் செய்தால் நாலு இடம் காலியாகும், அவ்வளவுதான்.

1997இல் டான்சி, தாவூதி என்ற இருவர் பல நாடுகளின் கணக்கை வைத்து இன்னொன்று காட்டினார்கள். ஊழல் மிகுந்த நாடுகளில் பொதுக் கட்டுமானத்துக்கு ஆகும் செலவு கூடுகிறது. கட்டியதன் பயன் குறைகிறது. பராமரிப்புக்குப் பணம் போவதில்லை. செஞ்சி வட்டாரத்து ஏரி வரத்துக் கால்வாய்களைத் தூர் வாருவதைவிட ஆற்றின் குறுக்கே கான்கிரீட் போடுவது ஏன் எல்லோருக்கும் இனிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை. ஊழல், வளர்ச்சியின் பணத்தில் ஒரு பகுதியைத் திருடுவதோடு நிற்பதில்லை. எதை வளர்ச்சி என்று அழைப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

மறுதரப்பும் உண்டு. நதானியல் லெஃப் என்ற அமெரிக்கர் 1964இல், மந்தமான நிர்வாகத்தில் லஞ்சம் சக்கரத்துக்கு எண்ணெய் மாதிரி, வளர்ச்சிக்கு உதவவும் கூடும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் நம் க. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. காரியம் சீக்கிரம் நடக்கக் கொடுக்கும் பணமே தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணமாகிவிட்டது என்று அது கண்டுசொன்னது. எண்ணெய் விற்பவன் சக்கரத்தை முதலில் நிறுத்திவைப்பான். லெஃப் ஒரு தத்துவம் சொன்னார். சந்தானம் ஆபீஸைப் பார்த்திருந்தார்.

குன்னார் மிர்தால் 1968இல் ‘ஊழலின் நாட்டார் கதை’ என்று ஒன்றைச் சுட்டினார். எல்லோரும் எடுக்கிறார்கள் என்று ஊர் பேசும் கதை ஊழலுக்குத் துணைபோகிறது. எடுக்காதிருப்பவனை முட்டாளாக உணரவைக்கிறது. என் நண்பரின் சந்தோஷம் இந்தக் கதையைச் சொல்வதன் சந்தோஷம். எல்லோரும் திருடர் என்று சொல்லும்போது சொல்பவன் மட்டும் தனியே, உயரத்தில், உலர்ந்த இடத்தில் நிற்கிறான்.

இந்த இடத்தில் ‘அந்தக் காலத்தில் பார்’ என்று ஆரம்பிக்கும் வியாபாரப் பத்திரிகைச் சபலம் ஒன்று வரும். ஒரு தளவானூரில் கட்டியது 1400 ஆண்டு நிற்கிறது, மற்றதில் ஓராண்டு தாங்கவில்லை என்று. இது சோம்பேறித்தனம். குன்றை வெட்டி எடுப்பது வேறு, மணலிலும் வெள்ளத்திலும் எழுப்புவது வேறு. மகேந்திரவர்மனின் குடைவரை ஒரு குழி நிலத்துக்கும் தண்ணீர் பாய்ச்சவில்லை. கல்தச்சருக்கு என்ன கூலி என்ற கணக்கும் அங்கே இல்லை. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் குடவோலைக்கு ஆகாது என்கிறது. அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் அந்த விதி. பொற்காலத்தில் நமக்கு இடமில்லை.

ஆனால் தளவானூரில் என்னை நிறுத்திய ஒன்று உண்டு. பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்தேன் என்று அரசன் கல்லில் சொல்கிறான். நம் எஸ்டிமேட்டுகள் உபயோகித்ததாகப் பட்டியல் போடும். அவன் உபயோகிக்காததைப் பட்டியல் போட்டிருக்கிறான். தளவானூரில் மகர தோரணத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனால் ஒரு தமிழ்ப் பாட்டு. கோயிலை எடுத்தவன் பெயர் சொல்லி, கடைசியில் அதைச் சொன்னவன் இன்னான், செல்லன் சிவதாசன், என்று முடிகிறது. புகழ்ச்சிப் பாட்டுதான், அரசனை அண்டியவன்தான். இருந்தாலும் இந்த வாக்கியத்துக்கு நான் பொறுப்பு என்று கல்லில் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதனால் என் வாக்கியத்துக்கு வருகிறேன். அப்பா இறந்த வருஷம் வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு ஆபீஸுக்கு ஆறு முறை நடந்தேன். ஏழாம் முறை அங்கிருந்தவர் நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். நிஜமாகவே விசாரித்தார், அவருக்கும் அந்த வருஷம் யாரோ போயிருந்தார்கள். நானூறு ரூபாயைக் கோப்புக்குள் வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மறுநாள் சான்றிதழ் கிடைத்தது. படியிறங்கும்போது எனக்கு அவமானமோ கோபமோ வரவில்லை. நன்றிதான் வந்தது. அதே மாதம் ஒரு சிற்றிதழில் என் கவிதை ஒன்று வந்திருந்தது. அதில் ஊழல்வாதிகள் எல்லோரும் படர்க்கையில் இருந்தார்கள்.

அந்த நன்றியை எழுத எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 25 கோடி ரூபாய் அணையை ஆற்றில் கொண்டுபோய் விடுவதில் அந்த நன்றிக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வாக்கியத்தை மட்டுமாவது எழுதிவைக்கிறேன். செய்வினை, தன்மை ஒருமை, இறந்தகாலம்: நான் கொடுத்தேன்.